"ஜாதி நாய்" என்னும் சொல்

நமது தோட்டப்புறங்களில் ஒருவர் வீட்டுப் பெட்டை நாய் பருவத்துக்கு வந்துவிட்டதென்றால், அவர் முதன்முதலில் விசாரிக்கும் விஷயம், "அதே ஜாதியில் கடுவன் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். குட்டி போட விடலாமா, வேண்டாமா என்று யோசிப்போரை நாம் அதிகமாகக் கண்டதில்லை. எந்த வயதில் விடலாம் என்று கேட்போர் அவரினும் அரியர். கூலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் நாய் வளர்க்கும் நம்மவர் யாவரும், படித்தவர், படியாதவர் என்ற பேதமின்றி, இந்த ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

கிராணி உத்தியோகத்தில் உள்ள நமக்குக் கணக்குப் புத்தகத்தோடுகூட, அயலார் கொண்டுவரும் ஆங்கிலக் காகிதங்களைப் படித்துச் சொல்லும் வேலையும் வந்து சேருவதுண்டு. அவற்றில் நாயின் வம்சாவளிப் பத்திரமும் ஒன்று. தகப்பன், பாட்டன், பூட்டன் என்று கிளை கிளையாகப் பெயர்கள் அதில் அச்சிடப்பட்டிருக்கும். தன் சொந்தப் பூட்டன் எந்த ஊரிலிருந்து எந்தக் கப்பலில் ஏறி இந்நாட்டில் வந்திறங்கினான் என்பதை அறியாத குடும்பத்தில், வாசலில் படுத்திருக்கும் நாயின் பூட்டனுக்கு மட்டும் பெயரும் பட்டமும் இருக்கக் காண்கிறோம். இந்தப் பத்திரம் ஆதி காலந்தொட்டு வருவது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறார்கள். அதன் வயது 150 ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம்; அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் 1859ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் நடந்ததே முதலாவது நாய்க் கண்காட்சி என்று சரித்திரம் கூறுகிறது. வந்தவை யாவும் வேட்டைக்குரிய பாயிண்டர், செட்டர் என்ற இரு வகை நாய்களே. பரிசு துப்பாக்கி. பாயிண்டர்களுக்குத் தீர்ப்பு வழங்கியவரின் நாய் செட்டர் பரிசையும், செட்டர்களுக்குத் தீர்ப்பு வழங்கியவரின் நாய் பாயிண்டர் பரிசையும் தட்டிக்கொண்டு போயின என்பது வேடிக்கையான செய்தி. பின்னர் 1873இல் ஷர்லி என்பவரின் முயற்சியால் இங்கிலாந்தின் நாய்ச் சங்கம் தோன்றிற்று. மறு வருஷமே வம்சப் பதிவேட்டின் முதற் புத்தகம் வெளியாயிற்று. அதற்கு முன்பும் மனிதன் நாயைப் பொறுக்கி இணை சேர்த்தே வந்தான். ஆனால், ஆடு மேய்க்கும் நாய்க்கு ஆடு மேய்க்கும் திறமையும், வேட்டை நாய்க்கு ஓட்டமும் மோப்பமும் இருக்கின்றனவா என்று பார்த்தான். பதிவேடு வந்த பின் அதன் கதவு சாத்தப்பட்டது. தாயும் தந்தையும் ஏட்டில் இருந்தாலொழியக் குட்டிக்கு ஏட்டில் இடமில்லை. திறமை எத்தகையதாயினும் வெளியே பிறந்தது வெளியேதான். இந்த ஏற்பாட்டை நம்மவர் கண்டவுடன் அதற்கு "ஜாதி நாய்" என்று பெயரிட்டார்களே, அதைவிடப் பொருத்தமான பெயரை வேறு எந்தப் பாஷைக்காரரும் கண்டுபிடித்திருக்க முடியாது!

தோட்டத்தார் நன்கறிந்த அல்சேஷன் நாயையே எடுத்துக்கொள்வோம. ஜெர்மனியில் வான் ஸ்டெபானிட்ஸ் என்ற இராணுவ அதிகாரி 1899இல் ஒரு கண்காட்சியில் கண்டு விலைக்கு வாங்கி, ஹோராண்ட் என்று பெயரிட்ட ஒற்றைக் கடுவனே அவ்வினத்தின் பதிவேட்டில் முதல் எண் பெற்றது. அதன் மகனை, அதே ஹோராண்டுக்குப் பிறந்த பெட்டைகளோடு சேர்த்துத்தான் இனம் "நிலைநிறுத்தப்பட்டது". முதல் உலக யுத்தத்திற்குப் பின் ஜெர்மனி என்ற பெயரையே ஆங்கிலேயர் வெறுத்தபடியால் அதற்கு அல்சேஷன் என்று மாற்றுப் பெயர் சூட்டினார்கள்; 1977இல்தான் பழைய பெயர் திரும்பிற்று. தோட்டத்தில் நாம் இன்றும் அல்சேஷன் என்றே அழைக்கிறோம்.

கெடா மாநிலம் 1909இல் சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறி, ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில், துரை பங்களாவில் இத்தகைய சீமை நாய்களும் லயத்தில் நாட்டு நாய்களும் இருந்தன. முன்னதற்கு இணை சேர்ப்பது கடிதப் போக்குவரத்தோடு நடக்கும் காரியம். பின்னதற்கு இரவோடு இரவாக நடப்பது. துரைமார் போய், ரப்பர் போய், செம்பனையும் வந்துவிட்டது. பங்களாவின் வழக்கம் மட்டும் லயத்து வாசலுக்கு இறங்கி வந்து நிற்கிறது.

நிற்க. ஏட்டின் கதவைச் சாத்தியதால் விளைந்தது என்ன?

தாய்நாட்டு இராஜபாளையம் நாயைப் பற்றி நம்மவருக்குப் பெருமையுண்டு. இந்தியத் தபால் இலாகா 2005இல் அதற்கு முத்திரையும் வெளியிட்டது. பால் போன்ற வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் அதற்கு அழகென்று வைத்து, அத்தகைய குட்டிகளையே பொறுக்கி வளர்த்தார்கள். அவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதும் அதனோடு சேர்ந்து வந்த விளைவே. உட்செவி வேலை செய்வதற்கு அங்கே நிறமி தரும் அணுக்கள் இருக்கவேண்டும்; தோலெல்லாம் வெளுக்கும்படி பொறுக்கிக்கொண்டே போனால் செவிக்குள்ளும் அவை இல்லாமற் போகின்றன. வெள்ளைப் பூனைக்கு நீலக் கண் இருந்தால் அது செவிடாயிருக்கும் என்பதை டார்வின், நியூகாசில் கண்காட்சி நடந்த அதே 1859ஆம் வருஷம் வெளிவந்த தமது நூலிலேயே குறித்திருக்கிறார். (மாமன் மகளை மணந்த டார்வின், நெருங்கிய உறவில் மணம் செய்வதால் சந்ததிக்குக் கேடு வருமோ என்று பிற்காலத்தில் கவலைப்பட்டார். நம்மவர் இதை எண்ணிப் பார்ப்பது நலம்.) ஆகவே, இராஜபாளையம் நாய் வைத்திருப்பவர் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், தாய்க்கும் கடுவனுக்கும் இரு காதும் கேட்கின்றனவா என்று சோதிப்பதே முறை. ஒரு காது மட்டும் கேட்கும் நாயைக் கைதட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூளையில் எழும் மின்னலைகளைக் கருவியால் அளந்து பார்க்கும் சோதனை ஒன்றே அதைக் காட்டும்.

கரும்புள்ளியுள்ள டால்மேஷன் நாயின் சரித்திரம் இன்னும் வினோதமானது. அவ்வினம் முழுவதிலும் யூரிக் அமிலத்தைச் சரிவர மாற்றி வெளியேற்ற இயலாத குறை பரவிவிட்டது. மூத்திரத்தில் கல் கட்டும். கடுவனாயிருந்தால் மூத்திரம் அடைபட்டு உயிருக்கே மோசம் வரும். இனத்துக்குள்ளேயே எந்த நாயோடு எந்த நாயைச் சேர்த்தாலும் குறை நீங்க வழியில்லை. ஏனெனில் குறையில்லாத நாய் ஏட்டில் ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியல் அறிஞர் 1973இல் ஒரே ஒரு பாயிண்டர் நாயை டால்மேஷனோடு சேர்த்தார். பின்னர் அதன் வழி வந்தவற்றையெல்லாம் டால்மேஷனோடே திரும்பத் திரும்பச் சேர்த்து, பார்வைக்கு டால்மேஷனாகவும் மூத்திரத்தில் குறையற்றதாகவும் உள்ள குட்டிகளைப் பெற்றார். வைத்தியமே கிடைத்துவிட்டது! அந்நாட்டு நாய்ச் சங்கம் 1981இல் அவற்றில் இரண்டை ஏட்டில் சேர்க்கவும் செய்தது. உடனே டால்மேஷன் வளர்ப்போர் எழுந்து, "எங்கள் இரத்தத்தில் கலப்பா?" என்று கூச்சலிட்டார்கள். பதிவு நிறுத்தப்பட்டது. மறுபடியும் கதவு திறக்க 2011ஆம் வருஷம் வரை, முப்பது ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. அம்முப்பது ஆண்டுகளில் கல்லடைப்பால் துடித்த நாய்களுக்காக ஒரு சங்கமும் கூச்சலிட்டதாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் சங்கமோ, 2008இல் ஒரு தொலைக்காட்சிப் படம் இந்தச் சங்கதிகளை அம்பலப்படுத்திய பிறகே, தாய்க்கும் மகனுக்கும், தகப்பனுக்கும் மகளுக்கும், உடன்பிறந்தவைகளுக்கும் பிறந்த குட்டிகளை ஏட்டில் ஏற்பதில்லை என்று 2009இல் முடிவு செய்தது. அதுவரை அவற்றுக்குத் தாராளமாகப் பத்திரம் வழங்கப்பட்டது. தாய்வழிப் பாட்டனும் தந்தைவழிப் பாட்டனும் ஒரே பெயராயிருக்கும் பத்திரத்தைச் சிலர் நம்மிடம் நீட்டிப் பெருமைப்படும்போது, நாம் அந்தப் பெயரைத்தான் விரலால் தொட்டுக் காட்டுகிறோம்.

இனி, குட்டி போட விடலாமா என்ற முதற் கேள்விக்கு வருவோம். கெடாவில் வாழ்பவர்க்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு.

கோலாலம்பூரில் 1952இல் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது, சர்க்கார் தெரு நாய்களைக் கொன்றும், வளர்ப்பு நாய்களுக்குக் கோழிக் கருவில் உற்பத்தியான தடுப்பூசியைக் கட்டாயமாகப் போட்டும் 1954க்குள் அதை ஒழித்தது. மறு வருஷம், சயாம் எல்லையை ஒட்டி 50 முதல் 80 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாதுகாப்பு வளையம் ஒன்று வகுக்கப்பட்டது. பெர்லிஸ், கிளந்தான், வட பேராக்கோடு நமது கெடாவும் அதில் அடக்கம். நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும், கேட்பாரற்ற நாய்களை ஒழிப்பதும் அவ்வளையத்தின் இரு கைகள். 2015இல் பெர்லிசிலும் கெடாவிலும் பினாங்கிலும் நோய் மீண்டும் தலைகாட்டிற்று. பினாங்கில் தெரு நாய்களைக் கொல்லும்படி மாநில அரசு உத்தரவிட, நாடெங்கும் கண்டனம் எழுந்தது. கண்டித்தவர்களின் இரக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்த நாய்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அவற்றில் எத்தனையோ, யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டை போட்ட ஈத்தில் ஆண்குட்டிகளுக்கு ஆள் கிடைத்து, மிஞ்சிய பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையோரத்தில் விட்டதன் சந்ததியே. தோட்டம் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் ஜனங்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தபோது, உடன் கொண்டுபோக இடமின்றி விடப்பட்ட நாய்களும் உண்டு. ஓர் ஈத்தில் ஆறு, எட்டுக் குட்டிகள் பிறப்பது சாதாரணம். நாய் வளர்க்க இடமுள்ள வீடோ நாளுக்கு நாள் குறைகிறது. "வாங்கிக்கொள்கிறேன்" என்று வாயால் சொன்னவரையெல்லாம் கணக்கில் சேர்க்கலாகாது. முன்பணம் கொடுத்தவரைச் சேர்க்கலாம். அந்தத் தொகை நான்கைத் தாண்டாவிடில், இணை சேர்க்கும் பேச்சை விட்டுவிட வேண்டுமென்பது நமது திடமான அபிப்பிராயம்.

"ஓர் ஈத்தாவது போட்டால்தான் பெட்டைக்குச் சுகம்" என்று சொல்லும் பெரியவர்கள் லயந்தோறும் இருக்கிறார்கள். இதற்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரம் கிடையாது.

இடமும் உண்டு, நாயும் சுகமாயிருக்கிறது என்றால், காலம் எது? பெட்டை ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் முதற் பருவம் காண்கிறது. உடல் முற்றாத குழந்தைக்குக் கலியாணம் செய்வது எவ்வளவு கொடுமையோ, அவ்வளவு கொடுமை அப்போது இணை சேர்ப்பது. இந்திய சர்க்கார் 2017இல் செய்த விதிகள் 18 மாதத்துக்கு உட்பட்ட பெட்டையைக் குட்டி போட விடலாகாது என்கின்றன. அல்சேஷன் போன்ற பெரிய இனமானால் இன்னும் பொறுக்கவேண்டும். இடுப்பு மூட்டுக் கோளாறு அவ்வினத்தில் மலிந்திருக்கிறபடியால் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பது அவசியம். அமெரிக்காவில் அந்தப் படத்துக்கு முடிவான சான்றிதழ் இரண்டு வயது நிறைந்த பின்னரே தருகிறார்கள். 1966இல் கார்மைக்கேல் என்பவர் கண்டறிந்த, இணை சேர்வதால் தொற்றிக் கருச்சிதைவு உண்டாக்கும் கிருமிக்கு இரு நாய்களின் இரத்தத்தையும் சோதிப்பதும் அவ்விதமே. அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்க எட்டு வாரமாவது செல்லவேண்டும். அந்த நான்கு மாதமும் வீட்டில் ஆள் இருக்குமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேண்டாம் என்று தீர்மானிப்பவரும் சும்மா இருந்துவிட முடியாது. கருத்தடை செய்யாத பெட்டைக்கு வயதான காலத்தில், பருவம் கழிந்த சில வாரங்களில், கருப்பையில் சீழ் கட்டும் நோய் வரக்கூடும். பல வேளைகளில் அறுவையொன்றே உயிர் காக்கும். ஆகவே கருப்பையை எடுத்துவிடுவது நல்லது. ஆனால் அதற்கும் அவசரம் கூடாதென்று, கலிபோர்னியாவில் ஹார்ட் என்பவரும் அவர் சகாக்களும் கோல்டன் ரிட்ரீவர் நாய்களைப் பற்றி 2013இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. ஒரு வயதுக்குள் அறுவை செய்யப்பட்டவற்றில் மூட்டு நோய்கள் அதிகம் காணப்பட்டன. எனவே பெரிய இனத்து நாய் வைத்திருப்பவர் மிருக வைத்தியரிடம் கலந்துகொண்டு ஒரு வயது கழியும்வரை பொறுக்கலாம். அதுவரை பருவம் வரும்போதெல்லாம் மூன்று வாரம் பெட்டையை வீட்டுக்குள் அடைத்து, வெளியே போகும்போது சங்கிலியைக் கையில் பிடித்தே கொண்டுபோகவேண்டும். லயத்து வேலிக் கம்பியின் அடியில் கடுவன் நாய் நுழையும் சந்தை மண் போட்டு மூடுவதும் அந்த மூன்று வாரத்துக்கு முன்பே செய்யவேண்டிய காரியம்.