ஐந்நூறா, நானூற்று அறுபத்தைந்தா?

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் என்னிடம் மக்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது: "பெட்டியில 500 ஜிபின்னு போட்டிருக்கு, மாட்டிப் பாத்தா 465தான் காட்டுது. மீதி எங்கண்ணே?" ஏமாந்துவிட்டோமோ என்ற பயம் குரலில் தெரியும். "அதெல்லாம் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்புவதை நான் ஏற்பதில்லை. காசு கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அந்தக் கணக்கின் வேர் 1956 வரை போகிறது.

அந்த ஆண்டுதான் ஐபிஎம் தன் ராமாக் எந்திரத்தைக் கொண்டுவந்தது. அதோடு வந்த டிஸ்க் அலமாரியில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். தட்டுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு 100 தடங்கள், தடத்துக்கு 500 எழுத்துகள். பெருக்கினால் சரியாக 50 லட்சம் எழுத்துகள். ஆக, டிஸ்க் செய்கிறவர்கள் பத்தின் மடங்கில் எண்ணியது வியாபாரத் தந்திரத்தால் அல்ல. பிறந்த அன்றே அப்படித்தான் எண்ணினார்கள். மெமரி சிப்பின் சங்கதி வேறு. அங்கே முகவரிக் கம்பி ஒன்று கூடினால் இடம் இரட்டிப்பாகும். பத்துக் கம்பிக்கு 1024 இடம். ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அதையும் கிலோ என்றார்கள். கிலோபைட்டில் 24 பைட்தான் வித்தியாசம், யாரும் பொருட்படுத்தவில்லை. அதுவே டெராபைட்டுக்கு வரும்போது 9,951 கோடி பைட் ஆகிவிடுகிறது.

இரண்டு கணக்கும் ஒரே பொருளில் கலந்த கூத்தும் நடந்தது. நாம் எல்லோரும் கையாண்ட 1.44 எம்பி ஃபிளாப்பியில் இருப்பது 14,74,560 பைட். ஆயிரத்தால் வகுத்தாலும் 1.44 வராது, 1024-ஆல் வகுத்தாலும் வராது. 1440-ஐ ஒருமுறை 1024-ஆல் பெருக்கி, பெயர் வைக்கும்போது அந்த 1440-ஐ ஆயிரத்தால் வகுத்திருக்கிறார்கள்.

ஆகவே நான் ஜிபி எண்ணை நம்புவதில்லை, செக்டார் எண்ணிக்கையைத்தான் பார்ப்பேன். 500 ஜிபி டிஸ்க்கில் பெரும்பாலும் 97,67,73,168 செக்டார் இருக்கும். தயாரிப்பாளர்கள் எல்லோருக்கும் பொருந்தும்படி ஐடெமா என்ற தொழில் அமைப்பு வகுத்த சூத்திரம் தரும் எண் அது. செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 50,010 கோடியே 78 லட்சத்துச் சொச்சம். மூன்று முறை ஆயிரத்தால் வகுத்தால் 500. மூன்று முறை 1024-ஆல் வகுத்தால் 465.76. ஒரு பைட்கூடத் தொலையவில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 1024 கணக்குக்கென்று கிபிபைட், மெபிபைட் எனத் தனிப் பெயர்களை ஐஇசி என்ற சர்வதேசத் தர அமைப்பு 1998 டிசம்பரில் கொண்டுவந்தது. விண்டோஸ் 1024-ஆல் வகுத்துவிட்டு இன்றுவரை ஜிபி என்றே எழுதுகிறது. ஆப்பிள் 2009-இல் ஸ்னோ லெப்பர்டு வழியாக ஆயிரத்துக்கு மாறியது. இடையில் கலிஃபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் 2006-லும், சீகேட் 2007-லும் சமரசத்துக்கு வந்தன. கேட்டவர்கள் கேட்டது சரிதான் என்றே நினைக்கிறேன்.

உண்மையிலேயே தப்பாகக் காட்டிய எண்களும் உண்டு. 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று காட்டினால், பழைய டிரைவரோ யுஎஸ்பி பெட்டியோ 32 பிட்டுக்கு மேல் எண்ணத் தெரியாமல் சுற்றிவிட்டது என்று பொருள். 2.2 டிபி போக மிச்சம்தான் அந்த 746. எண் தப்பாக இல்லாமலே இடம் குறைந்து தெரிவதும் உண்டு. பழைய 120 ஜிபியை அப்படியே 500 ஜிபிக்கு குளோன் செய்தவருக்கு 111தான் தெரியும். மீதி டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கறுப்புப் பட்டையோடு 'அன்அலகேட்டட்' என்று நிற்கும். எஸ்எஸ்டியோடு வரும் மென்பொருளில் ஓவர் புரொவிஷனிங் போட்டு, கொஞ்சம் இடத்தை ஒதுக்கி வைத்தவருக்கும் அதே பட்டைதான்.

எஸ்எஸ்டி வந்ததும் ஆயிரத்துக்கும் 1024-க்கும் உள்ள அந்தப் பழைய வித்தியாசமே பயன்பட ஆரம்பித்தது. இதை யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை நான். தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகாவின் குழு 1987-இல் முன்வைத்த நேண்ட் ஃபிளாஷ், மெமரி சிப் குடும்பம். அது 1024 வழியில்தான் வளரும். 256 ஜிபி எஸ்எஸ்டிக்குள் பெரும்பாலும் 27,488 கோடி பைட் அளவுக்குச் சிப் இருக்கும். நமக்குக் கொடுப்பதோ 25,600 கோடி. ஃபிளாஷில் பழையதன் மேலேயே எழுத முடியாது, பிளாக் பிளாக்காக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அதற்கு இடம் மாற்றி வைக்கவும், செத்த பிளாக்குக்கு ஈடு கொடுக்கவும் அந்த 1,888 கோடி வேண்டும்.

எந்தத் தரவு எந்தச் சிப்பில் இருக்கிறது என்ற அட்டவணையை எஸ்எஸ்டி தானே வைத்துக்கொள்கிறது. அது கெட்டால் அளவும் போகும். 2011-இல் வந்த இன்டெல் 320 வரிசையில், மின்சாரம் திடீரென்று நின்ற சில சமயங்களில், நூற்றுக்கணக்கான ஜிபி டிஸ்க் எட்டே எம்பி என்று காட்டியது. சீரியல் எண்ணுக்குப் பதில் 'பேட் சிடிஎக்ஸ்' என்ற பிழைக்குறி. ஆகஸ்டில் இன்டெல் புது ஃபர்ம்வேர் கொடுத்தது, ஆனால் அது இனி வராமல் தடுக்கத்தான்; போன தரவை அது மீட்காது. அதனால் 465 காட்டினால் உட்கார வைத்துக் கணக்குச் சொல்கிறேன். எட்டு எம்பி மாதிரி சம்பந்தமில்லாத எண் காட்டினால், ஃபார்மட் கேட்கும் பெட்டியில் எதையும் அழுத்த விடமாட்டேன். முதலில் மெஷினை அணைத்து டிஸ்க்கைக் கழற்றுவேன்.