டாமியா ஃபிராக்: அறுகோணத் தண்டின் தேய்மானம்

டாமியா ஃபிராக் என்பது சப்பானிய நிறுவனமான டாமியா 1983 ஆம் ஆண்டில் வெளியிட்ட, 1/10 அளவுடைய தொலைக்கட்டுப்பாட்டுக் கார் ஆகும். ஃபிராக் என்றால் தவளை என்று பொருள். மின்மோட்டாரால் இயங்கும் இக்கார் மண்ணிலும் மேடுபள்ளத்திலும் ஓடுவதற்காக உருவாக்கப்பட்டது. உலோக உறுப்புகள் காலத்துக்கு முன்பே தேய்வது ஏன் என்பதை விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

டாமியாவின் முதல் தொலைக்கட்டுப்பாட்டுக் காரான போர்சு 934, 1976 இல் வெளிவந்தது. அது சமதளத்தில் ஓடுவது. 1979 இல் வந்த சாண்ட் ஸ்கார்ச்சர், ரஃப் ரைடர் ஆகியவை கரடுமுரடான நிலத்துக்கு உரியவை. அத்தகைய நிலத்தில் சக்கரம் மேலும் கீழும் அசையும். பற்சக்கரப் பெட்டியோ அடிச்சட்டத்தில் அசையாமல் இருக்கும். இரண்டையும் இணைக்கும் தண்டு சுழல்வதோடு சாய்ந்தும் கொடுக்க வேண்டும்.

தேய்ந்த விதம்

ஃபிராக் காரின் தண்டு முனைகள் ஆறு பட்டைகள் கொண்டவை. அவை அறுகோணக் குழிகளில் பொருந்தின. தண்டு நேராக இருக்கும்போது ஆறு பட்டைகளும் விசையைப் பகிர்ந்துகொள்ளும். சாயும்போது அதே விசை சிறு விளிம்புகளில் குவியும். பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும் என்பது பள்ளி இயற்பியல். இதனால் மூலைகள் மழுங்கின, இடைவெளி பெருகியது, உள்ளே புகுந்த மணல் அரம்போல் அராவியது. முடிவில் தண்டு குழிக்குள் வழுக்கியது அல்லது கழன்று விழுந்தது. மோட்டார் சுழன்றாலும் கார் நகரவில்லை. இவ்வகைத் தண்டையே பயன்படுத்திய பிளாக்ஃபுட் (1986) காரிலும் இதே குறை காணப்பட்டது.

தீர்வு

தேய்ந்த தண்டுக்குப் பதில் அதே வடிவில் புதியதைப் பொருத்தினால், அதுவும் அவ்வாறே தேயும். கடினமான எஃகு தேய்மானத்தைத் தள்ளிப்போடுமே தவிர, தடுக்காது. 2005 இல் ஃபிராக் மறுவெளியீடு கண்டபோது அறுகோண முனைகள் கைவிடப்பட்டன. உருண்டை முனையில் குறுக்கூசி பொருத்திய, "நாய் எலும்பு" எனப்படும் தண்டு இடம்பெற்றது. குறுக்கூசி, பிளவுபட்ட கிண்ணத்துக்குள் நகர்ந்து சாய்வுக்கு இடம் தருகிறது. ஊசியும் கிண்ணமும் நாளடைவில் தேயும். ஆயினும் மூலை மழுங்கி வழுக்கும் நிலை இல்லை.

பற்சக்கரங்களில்

பல்லின் அளவு பொருந்தாமையும் விரைவில் தேய்வதற்குக் காரணமாகும். 48 பிட்ச் பற்சக்கரம் ஏறத்தாழ 0.53 மாட்யூல் அளவுடையது. அதை 0.6 மாட்யூல் சக்கரத்துடன் இணைத்தால் பற்கள் சரியாகப் படியாமல் ஒன்றையொன்று அரிக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், பழுதான உறுப்பை மாற்றுமுன் பல்லின் அளவைச் சரிபார்ப்பது இன்றியமையாதது.