மோட்டார் வண்டி வானொலியும் அதனோடு வந்த இரைச்சலும்

தொல்காப்பிய உரியியலைப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் ஒன்றை அறிவர். காதில் விழுவன எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைக்க அந்நூலாசிரியர் ஒப்பவில்லை. இயம்பல், இரங்கல் முதலியவற்றை இசைப் பொருளில் வைத்தார். சும்மை, கம்பலை முதலியவற்றை அரவப் பொருளில் வைத்தார். இன்று காரில் பாட்டுக் கேட்கும்போது பாட்டினூடே வரும் 'கிர்கிர்' ஓசையும், வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஙொய்' என்னும் ஒலியும் அரவத்தின்பாற்படுவன. இவ்வரவம் எங்கே பிறந்தது, அதனை அடக்கும் பொறுப்பு யார் தலையில் விழுந்தது என்பதற்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. அதனை ஈண்டு நோக்குவோம்.

வரலாறு மோட்டார் வண்டியில் தொடங்கவில்லை. ஜெர்மன் நாட்டு கார்ல்ஸ்ரூகே நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் தொடங்குகிறது. 1887, 1888ஆம் ஆண்டுகளில் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் என்னும் அறிஞர் இரு உலோக உருண்டைகளுக்கிடையே மின்பொறி பாயச் செய்தார். சற்றுத் தொலைவில், எவ்விதத் தொடர்புமின்றி நின்ற கம்பி வளையத்தின் சிறு இடைவெளியிலும் நுண்ணிய பொறி தோன்றிற்று. மின்காந்த அலை உண்டென்பது அப்பொறியால் மெய்ப்பிக்கப்பட்டது. பின்னர் மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியை வளர்த்ததும் இத்தீப்பொறியைக் கொண்டே. ஆனால் பொறியின் குணம் பொல்லாதது. அது ஓர் அலைவரிசையோடு நில்லாமல் அக்கம்பக்கத்து அலைவரிசைகளிலெல்லாம் சிதறும். ஒரு நிலையம் பேசினால் மற்றவர் பேச்சு கேளாது. ஆகவே 1927ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு வானொலித் தந்தி மாநாடு, பொறி கொண்டு இயங்கும் அனுப்பிகளைப் படிப்படியாக விலக்க முடிவு செய்தது.

வானொலித் துறையினர் முன்வாசல் வழியே துரத்திய அதே கருவி, அந்நாட்களில் இலட்சக்கணக்காகச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது! பேட்டரி, காயில், சிறு இடைவெளி ஆகிய மூன்றும் சேர்ந்தால் தீப்பொறி அனுப்பி. பெட்ரோல் எஞ்சினில் இம்மூன்றும் உண்டு. பேட்டரியால் பொறி மூட்டும் முறையைச் சார்ல்ஸ் கெட்டரிங் 1910ஆம் ஆண்டுக் கேடிலாக் வண்டிகளுக்கு அமைத்துத் தந்தார். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால், நொடிக்கு 100 பொறிகள் தெறிக்கும். காயிலிலிருந்து ஸ்பார்க் பிளக்குக்குச் செல்லும் கம்பியே அதற்கு ஏரியலாகிவிடும். இத்தகைய வண்டிக்குள் நுண்ணிய அலைகளைத் தேடும் வானொலிப் பெட்டியை வைப்பது, பட்டாசுக் கடை தீப்பற்றி எரியும்போது அதன் நடுவே நின்று வீணை கேட்பது போலாகும்.

அவ்வாறு கேட்கத் துணிந்தவருள் முதன்மையானவர் சிக்காகோ நகரத்துப் பால் கால்வின். 1928இல் தம் தம்பி ஜோசப்புடன் அவர் தொடங்கிய சிறு தொழிலகம், வீட்டு வானொலிக்குப் பேட்டரியின்றி மின்சாரம் தரும் கருவிகளைச் செய்து வந்தது. பொருளாதார வீழ்ச்சியால் அவ்வணிகம் நலிந்தது. வில்லியம் லியர், எல்மர் வேவரிங் ஆகியோரின் உதவியுடன் தம் சொந்தக் காரில் வானொலி ஒன்றைப் பொருத்தினார் கால்வின். 1930இல் அட்லாண்டிக் சிட்டியில் வானொலி உற்பத்தியாளர் மாநாடு கூடியபோது, அக்காரை வெளியே நிறுத்தி வருவோர் போவோரைக் கேட்கச் செய்தார். 'மோட்டோரோலா' என்னும் பெயர் பிறந்த கதை இது. விலை 110 டாலருக்கு மேல். பொருத்துவதோ நாள்கணக்கில் ஆகும் வேலை. தரைப்பலகையைப் பெயர்த்து அதன் கீழே தனி பேட்டரிகளை வைத்து, கூரைத் துணிக்குள் ஏரியலை ஓட்ட வேண்டும். இவ்வளவும் செய்த பின் எஞ்சினை முடுக்கினால் இரைச்சல் எழும்.

இரைச்சலை அடக்கக் கையாண்ட முறை எளிமையானது; ஆயினும் நுட்பமுடையது. ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் டிஸ்ட்ரிபியூட்டரின் நடுக்கம்பியிலும் 10,000 ஓம் அளவுள்ள மின்தடை ஒன்றைச் செருகினர். அவ்வளவு தடை வைத்தால் பொறி எழுமா என்னும் ஐயம் எழலாம். பொறிக்கு வேண்டியது பல்லாயிரம் வோல்ட் அழுத்தம். மின்னோட்டமோ மிகச் சொற்பம். எனவே பொறி எழும். அதனைத் தொடர்ந்து கம்பியில் முன்னும் பின்னும் ஆடும் அலைவு மட்டும் அடங்கும். வகுப்பில் இதனை விளக்கப் பள்ளி மணியே போதும். மணியை அடித்தவுடன் கையால் தொட்டுப் பாருங்கள். அடி விழுந்தது விழுந்ததே. ரீங்காரம் மட்டும் அறுந்து போகும்.

எஞ்சினோடு தொல்லை தீரவில்லை. டைனமோவின் கரித்துண்டுகள் உரசும் இடத்திலும் நுண்பொறிகள் உண்டு. அங்கே அரை மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைக் கட்டினர். 1930களின் தொடக்கத்தில் தனி பேட்டரிகளை ஒழிக்க 'வைப்ரேட்டர்' என்னும் அதிர்வான் வந்தது. ஆறு வோல்ட் மின்சாரத்தைத் துடிக்கும் தகட்டால் வெட்டி வெட்டி உயர்ந்த அழுத்தமாக மாற்றும் இக்கருவி, வானொலிப் பெட்டியின் வயிற்றுக்குள்ளேயே அமர்ந்து புதிதாக இரைந்தது. உலர்ந்த சாலையில் ஓடும் டயரிலும் மின்னூட்டம் ஏறும். அது சக்கர அச்சின் கிரீசைத் தாண்டிக் குதிக்கும்போதெல்லாம் ஒரு வெடிப்போசை எழும். அதற்கென முன்சக்கர மூடிக்குள் சிறு சுருள்வில் வைத்தனர்.

இத்தனை மூலங்கள் இருக்கையில், பழுது பார்ப்போர் கைக்கு அகப்பட்டதையெல்லாம் கழற்றி மாட்டினால் பயன் இராது. ஆகவே நாடி பிடிக்கும் முறை ஒன்று வகுக்கப்பட்டது. எஞ்சின் வேகத்தோடு இரைச்சல் மாறுகிறதா? ஓடும் வண்டியில் எஞ்சினை நிறுத்தி உருள விட்டபின்னும் கேட்கிறதா? கேட்டால் குற்றம் சக்கரத்தினுடையது. ஏரியலைப் பிடுங்கியதும் நின்றுவிட்டதா? நின்றால் அது வான்வழி வந்தது. நில்லாவிடில் பேட்டரிக் கம்பி வழியே வந்தது. ஒவ்வொரு கேள்வியும் ஐயத்திற்குரிய பட்டியலில் பாதியை அடித்து விடுகிறது. நம் பிள்ளைகளுக்கு அறிவியல் முறை என்று ஏட்டில் எழுதிப் போடுவதைவிட இஃது ஒன்றைச் செய்து காட்டுவது மேல் என்பது என் கருத்து.

இதே நாடி பிடிப்பு, அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் வேறோர் இடத்தில் எதிர்பாராத பயனைத் தந்தது. கார்ல் ஜான்ஸ்கி என்னும் இளம் பொறியியலாளர், பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்திற்காக, கடல் கடந்த வானொலித் தொலைபேசியில் குறுக்கிடும் இரைச்சலை ஆராய்ந்தார். நியூ ஜெர்சியின் ஹோல்ம்டெல் என்னும் ஊரில் நீண்ட ஏரியல் ஒன்றை அமைத்து, அது சுழலும் பொருட்டு ஃபோர்டு மாடல்-டி காரின் சக்கரங்களை அதற்குப் பூட்டினார். 20 நிமிடத்திற்கு ஒரு சுற்று. கிடைத்த இரைச்சலை மூன்றாகப் பகுத்தார்: அண்மை இடி, தொலைதூர இடி, மூலம் தெரியாத ஒரு மெல்லிய சீற்றம். மூன்றாவது ஒலி உச்சம் பெறும் நேரம் நாள்தோறும் நான்கு நிமிடம் முந்தியது. 23 மணி 56 நிமிடம் என்பது விண்மீன்களின் நாள். 1933இல் அவர் தம் முடிவை வெளியிட்டார். அவ்வொலி பால்வீதியின் நடுப்பகுதியிலிருந்து, தனுசு இராசியின் திக்கிலிருந்து வருகிறது. வானொலி வானியல் பிறந்தது அவ்வாறு. 'ஏதோ இரைச்சல்' என்று வடிகட்டி எறிந்திருந்தால் அவர் ஒன்றையும் கண்டிருக்க மாட்டார்.

மீண்டும் சாலைக்கு வருவோம். அதுவரை தன் காரின் இரைச்சலைக் கேட்டவனும் அதனை அடக்கக் காசு கொடுத்தவனும் ஒருவனே. தொலைக்காட்சி வந்தபோது இந்நிலை மாறிற்று. 1936இல் இலண்டனில் பி.பி.சி. ஒளிபரப்பைத் தொடங்கிய பின், தெருவில் போகும் காரின் பொறிகள் வீட்டுத் திரையில் வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறின. காருக்குரியவனுக்கு ஒரு குறையுமில்லை, திண்டாடியவன் வீட்டிலிருந்தவன். அடக்கும் பொருளை யார் வாங்குவது? வானொலி இடையூற்றை அளந்து வரம்பு கட்டுவதற்கென 'சிஸ்பர்' என்னும் பன்னாட்டுச் சிறப்புக் குழு 1934இலேயே அமைந்திருந்தது. பிரிட்டனில் 1949ஆம் ஆண்டு வானொலித் தந்திச் சட்டம் அதிகாரம் அளிக்க, 1952இல் எஞ்சின் பொறிகளால் எழும் இடையூற்றுக்கென்றே தனி விதிகள் இயற்றப்பட்டன. இரைச்சலை எழுப்பியவனே அடக்க வேண்டும் என்பது அதன்வழிச் சட்டமாயிற்று. முன்பு கடையில் தனியே வாங்கிய மின்தடை, நாளடைவில் ஸ்பார்க் பிளக்கின் உள்ளேயே ஏறிவிட்டது. இன்று அப்படி ஒன்று இருப்பதையே பலர் அறியார்.

கேட்பவன் பக்கத்திலிருந்தும் தீர்வு தேடியவர் உண்டு. எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் உரிமம் பெற்ற எஃப்.எம். முறையில், செய்தி அலையின் உயரத்தில் இல்லாமல் அதிர்வெண்ணில் ஏற்றப்படுகிறது. பொறியின் குறும்பு பெரும்பாலும் உயரத்தில் என்பதால் அதனை வெட்டி எறியலாம். காருக்கான எஃப்.எம். பெட்டி 1952இல் ஜெர்மனியின் புளோபுங்க்ட் நிறுவனத்திடமிருந்து வந்தது. சிங்கப்பூரில் 1949இல் தொடங்கிய ரிடிஃப்யூஷனோ கம்பி வழியே வீட்டுக்கு வந்ததால் இத்தொல்லையை அறியவில்லை. ஆனால் சுவரோடு கட்டுண்ட பெட்டி வண்டியில் ஏறாதே!

1960இல் கிரைஸ்லரின் வேலியன்ட் வண்டியில் டைனமோ இருந்த இடத்திற்கு ஆல்டர்னேட்டர் வந்தது. மோட்டோரோலாவில் அக்கருவியைக் காருக்கு ஏற்றதாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர், முப்பதாண்டுக்கு முன் இரைச்சலோடு போராடிய அதே வேவரிங். மாறுமின்சாரத்தை ஆறு டயோடுகள் நேராக்கித் தருகின்றன. எனினும் சிறு அலை எஞ்சி நிற்கும். அதுவே எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கும் 'ஙொய்'. அவருடைய பழைய தோழர் லியர் 1964இல் எட்டுத்தட நாடாப் பெட்டியை உருவாக்க, 1966ஆம் ஆண்டு ஃபோர்டு வண்டிகளில் இரட்டை ஒலி ஏறியது. பின்னர் முன்னால் ஒரு பெட்டி, பின்பெட்டியில் பெரிய ஆம்பிளிஃபயர், இரண்டுக்கும் நடுவே நீண்ட கம்பி என்னும் வழக்கம் பரவியது.

இங்கேதான் இன்றைய இளைஞர் மாட்டிக்கொள்கின்றனர். ஆம்பிளிஃபயர் 30 ஆம்பியர் இழுக்கிறது, அதன் எர்த் கம்பி துருவும் பெயின்டும் படிந்த இடத்தில் திருகப்பட்டு நூற்றில் ஒரு பங்கு ஓம் தடை காட்டுகிறது என்று கொள்வோம். அவ்விடத்தில் 0.3 வோல்ட் வேறுபாடு பிறக்கும். முன்பெட்டி அனுப்பும் இசையே ஒன்றிரண்டு வோல்ட்தான்! அவ்வேறுபாட்டில் கலந்துள்ள ஆல்டர்னேட்டர் அலையை ஆம்பிளிஃபயர் இசையென்றே எண்ணிப் பெருக்குகிறது. எங்கள் தோட்டத்து இளைஞர் ஒருவருக்குப் பட்டணத்துக் கடைக்காரர் இருமுறை ஒலிபெருக்கியை மாற்றிக் காசு வாங்கினார், ஒலி போகவில்லை. பெயின்டைச் சுரண்டி, எர்த் கம்பியை வெறும் இரும்பில் இறுக்கியதும் போயிற்று. ஒலிபெருக்கியோ பாவம், தன்னிடம் வந்ததைச் சொன்னது.

மின்சார வண்டியில் ஸ்பார்க் பிளக் இல்லை. ஆதலின் அமைதி என்று எண்ணுதல் கூடாது. பல நூறு வோல்ட் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி மோட்டாருக்கு ஊட்டும் இன்வெர்ட்டர் மத்திய அலைவரிசை முழுவதிலும் இரைகிறது. உறையிட்டும் வடிகட்டியும் அடக்கலாம். ஆனால் அதற்குப் பணமும் எடையும் ஆகும். எனவே உற்பத்தியாளர் சிலர் வேறு வழி கண்டனர்: இரைச்சலை விட்டுவிட்டு மத்திய அலை வானொலியையே வண்டியிலிருந்து நீக்கினர். பேரிடர்க் காலத்து அறிவிப்புகள் அவ்வலையிலேயே வெகுதூரம் செல்கின்றன என்று எதிர்ப்பு எழுந்தது. ஒவ்வொரு வண்டியிலும் அது இருத்தல் வேண்டும் எனக் கோரும் மசோதா 2023 மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸில் கொணரப்பட்டது. அம்மாதமே ஃபோர்டு நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. மத்திய அலை இல்லாமல் ஏற்கனவே விற்ற தன் மின்சார வண்டிகளுக்கும் மென்பொருள் மாற்றத்தின் மூலம் அதனைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. மென்பொருளால் திரும்பி வரக்கூடியது எனின், அவ்வண்டிகளில் வானொலி அத்தனை நாளும் வாய் கட்டப்பட்டு உள்ளேயே இருந்திருக்கிறது.