மூன்றாவது நாற்காலி: தேசிய அறக்கட்டளைச் சட்டமும் நரம்பியல் வேறுபாடுள்ளோர் கூடுகைகளும்

தென்சென்னைப் புறநகரில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகக் கூடும் குழுக்கள் பெரும்பாலும் பெற்றோர் நடத்துபவையாக இருப்பது ஏன் என்ற கேள்விக்கு ஆய்வுலகில் ஒரு தயார் விடை உண்டு: குடும்பம். பிள்ளைக்காகப் பெற்றோர் பேசுவதே இங்கு இயல்பு. சம்பந்தப்பட்டவர் தாமே கூடி, தாமே விதி வகுத்து, தாமே நெறிப்படுத்தும் அமைப்பு மேலைநாட்டுத் தனிமனித மரபில் பிறந்தது. ஆகவே அது இந்த மண்ணில் வேர்விடவில்லை என்பது அந்த விடையின் சாரம். இதை முழுப் பிழை என்று சொல்ல மாட்டேன். வசதியான விடை என்பேன். பழியைப் பண்பாட்டின் தலையில் கட்டிவிட்டால் சட்டப் புத்தகத்தைத் திறக்கும் வேலை மிச்சம்.

அந்த வேலையைத்தான் இக்கட்டுரை செய்ய முயல்கிறது. எடுத்துக்கொள்ளும் மூலம் ஒன்றே: 1999ஆம் ஆண்டின் 44ஆம் சட்டமான தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களின் நலனுக்காக இயற்றப்பட்ட இச்சட்டம், பெற்றோர் இயக்கத்தின் வெற்றியாகவே பொதுவாக வாசிக்கப்படுகிறது. ‘எனக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ என்ற கேள்விக்கு அரசு தந்த பதில் அது. சட்டத்தின் நோக்கங்களிலேயே, பெற்றோரோ பாதுகாவலரோ இறந்தபின் அந்த நபரைப் பேணுவதற்கான ஏற்பாடு இடம்பெறுகிறது. இந்த வாசிப்பை மறுக்கக் காரணமில்லை. ஆனால் சட்டம் யாரை எங்கே உட்கார வைத்தது என்று பிரிவு பிரிவாகப் பார்க்கும்போது வேறொரு கதையும் தென்படுகிறது.

பிரிவு 2(ஜே), இச்சட்டத்தின் பொருட்டு ‘குறைபாடுள்ள நபர்’ யார் என்று வரையறுக்கிறது. ஆட்டிசம் அதில் முதலாவதாக நிற்கிறது. பிரிவு 13, சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கும் உள்ளூர்க் குழுவை அமைக்கிறது. குழுவில் மூவர்: மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி, பதிவுபெற்ற அமைப்பு ஒன்றின் பிரதிநிதி, குறைபாடுள்ள நபர் ஒருவர். மேலோட்டமாகப் படித்தால் மூன்றாவது நாற்காலி ஆட்டிசம் உள்ளவருக்கும் திறந்திருப்பதாகவே தோன்றும். அப்படித்தான் பலர் படித்திருக்கிறார்கள். ஆனால் அந்த நாற்காலிக்கு மட்டும் சட்டம் தன் சொந்த வரையறையைப் பயன்படுத்தவில்லை. 1995ஆம் ஆண்டின் குறைபாடுடையோர் சட்டத்தில் பிரிவு 2(டி) சொல்லும் நபர் என்று வெளியே கைகாட்டுகிறது.

1995 சட்டத்தின் பட்டியலில் இருந்தவை ஏழு: பார்வையின்மை, குறைபார்வை, குணமான தொழுநோய், செவித்திறன் குறைபாடு, இயக்கக் குறைபாடு, மனவளர்ச்சிக் குறைபாடு, மனநோய். மூளை முடக்குவாதம் இயக்கக் குறைபாட்டுக்குள் அடங்கிவிடும். மனவளர்ச்சிக் குறைபாடு தனியாகவே உண்டு. ஆட்டிசம் இல்லை. அதாவது, 1999 சட்டம் காக்க முன்வந்தவர்களில் ஆட்டிசம் மட்டும் உள்ளவருக்குத்தான், தன்னைப் போன்றோரின் பாதுகாவலரைத் தீர்மானிக்கும் குழுவில் உட்காரத் தகுதி இருக்கவில்லை. பாதுகாக்கப்படும்போது அவர் நபர். தீர்மானிக்கும் இடத்தில் நபராக மாட்டார். ஒரு மாவட்டத்தில் பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் நியமிக்கப்பட்டால் சட்டம் நிறைவேறிவிடும். நியமிக்கப்பட்டவர் மீது குறை சொல்ல எதுவும் இல்லை; குழாய் விளக்கின் ரீங்காரம் ஆட்டிசம் உள்ள ஒருவரை அறையைவிட்டே துரத்தும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும் என்று சட்டமும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு வழி மட்டும் இருந்தது. ஆட்டிசத்துக்கென்று சான்றிதழ் இல்லாத அந்நாட்களில் பலர் மனவளர்ச்சிக் குறைபாடு என்ற தலைப்பில்தான் சான்றிதழ் பெற்றார்கள். பேருந்துச் சலுகைக்கும் உதவித்தொகைக்கும் அந்தத் தாள் தேவைப்பட்டது. அந்தத் தாளைக் காட்டி அவர்களில் ஒருவர் குழுவுக்குள் நுழைந்திருக்க முடியும். ஆனால் சுயமாகச் சிந்தித்து முடிவெடுக்க இயலாதவர் என்று பிறர் படிக்கும் சான்றிதழைக் காட்டித்தான் முடிவெடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

இது வரைவாளரின் கவனப்பிழையாக இருக்கலாம். பழைய சட்டத்தின் சொற்றொடரைப் பழக்கத்தில் எடுத்துச் சேர்த்திருக்கலாம். நோக்கத்தை நிரூபிக்க என்னிடம் ஆதாரமில்லை. நிரூபிக்க வேண்டிய தேவையும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்து 1995 சட்டத்தை நீக்கும்வரை, ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் அந்தச் சொற்றொடர் அப்படியே நின்றது. தென்புறநகரின் பெற்றோர் குழுக்கள் நடைபழகிய காலமும் ஏறக்குறைய அதுவே.

நீக்கத்துக்குப் பின் நிலை என்ன? 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், பிரிவு 8, நீக்கப்பட்ட சட்டத்தைச் சுட்டும் இடங்களைப் புதிய சட்டத்தின் உரிய பகுதியைச் சுட்டுவதாகக் கொள்ளச் சொல்கிறது. புதிய சட்டத்தின் 21 குறைபாடுகளில் ஆட்டிசம் உண்டு. அத்தோடு முடிந்தது என்று கருதுவோர் ஒரு முடிச்சைக் கவனிப்பதில்லை. பழைய 2(டி), நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு வேண்டும் என்றது. புதிய சட்டம் அதை இரண்டாகப் பிரித்துவிட்டது: 2(எஸ்) விழுக்காடு கேட்காமல் நபரை வரையறுக்கிறது, நாற்பது விழுக்காடு 2(ஆர்)இல் தனியே நிற்கிறது. 2(டி)க்கு வாரிசு எது? பெயரைப் பார்த்தால் 2(எஸ்), உள்ளடக்கத்தைப் பார்த்தால் 2(ஆர்).

இது வழக்கறிஞர்களின் மயிர்பிளப்பு அல்ல. 2018இல் அறிவிக்கப்பட்ட குறைபாட்டு மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள் ஆட்டிசத்தை அளக்க ஐசா என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்தின. நாற்பது கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கண்ணைப் பார்க்கிறாரா, சமூகச் சிரிப்பு உண்டா, ஒதுங்கியே இருக்கிறாரா என்ற வரிசையில் கேள்விகள் போகும். மொத்தம் எழுபது வந்தால் நாற்பது விழுக்காடு. எழுபதுக்குக் கீழே போனால் அந்த அளவுகோலின்படி ஆட்டிசமே இல்லை. முப்பது வயதுவரை கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கிக்கொண்டு, அந்தப் பழக்கத்தின் களைப்பை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தீர்த்துக்கொள்பவர் இந்தக் கணக்கில் எங்கே விழுவார்? குழுவில் உட்கார்ந்து பேசக்கூடியவரின் மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தால் நாற்காலிக்கான தகுதி போகும். 2(எஸ்)தான் சரியான வாசிப்பு என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. உரிமைச் சட்டத்தின் ஐயத்தை உரிமையின் பக்கமே தீர்க்க வேண்டும் என்பது புதிய வாதமும் அல்ல.

மூன்றாவது நாற்காலியைவிடக் கூடுகைகளை நெருங்கித் தொடுவது பிரிவு 17. பாதுகாவலர் கொடுமைப்படுத்தினாலோ, புறக்கணித்தாலோ, சொத்தைக் கையாடினாலோ அவரை நீக்கக் கோரி யார் விண்ணப்பிக்கலாம்? பெற்றோர், உறவினர், பதிவுபெற்ற அமைப்பு. பாதிக்கப்பட்டவரின் பெயர் இந்த வரிசையில் இல்லை. 2016 சட்டத்தின் பிரிவு 14, நியமனத்தை எதிர்த்து அந்த நபரே மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. பிற சட்டங்களின்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாவலரும் இனி வரையறைக்குட்பட்ட பாதுகாவலராகவே செயல்படுவதாகக் கொள்ளப்படுவார் என்றும் சொல்கிறது. ஆனாலும் 1999 சட்டத்தின் பிரிவு 17 திருத்தப்படவில்லை.

தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர்ப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக் கூடுகைகளில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பிரிவு 17 புதிதாகத் தோன்றாது. பள்ளிக்கூட மண்டபம், மைக் ஒருமுறை கீச்சிடுகிறது. மேடையில் ஓர் அம்மா மகனின் சாப்பாட்டுப் பழக்கத்தையும் கழிப்பறைப் பயிற்சியையும் விவரித்துக்கொண்டிருக்கிறார். இருபது வயதைத் தாண்டிய மகன் கடைசி வரிசையில் இரு காதையும் பொத்திக்கொண்டிருக்கிறான். அவன் எழுந்து வெளியே போனால் ஒருங்கிணைப்பாளர் பேசுவது அம்மாவிடம்: “தம்பிக்கு இன்னிக்கு முடியலியாம்மா?” அவனுக்குக் குழுமீது குறை இருந்தால் அதைக் கொண்டுவர வேண்டியவர் அம்மா. குறையே அம்மாவின் பேச்சைப் பற்றியதாக இருந்தால் கொண்டுவர ஆளில்லை. இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடக்கவில்லை. மண்டபத்துக்கு வாடகை கொடுத்து, வேலைக்கு விடுப்புப் போட்டு, தண்ணீர் கேன் தூக்கி வந்தவர்கள் அந்தப் பெற்றோர்கள்தாம். நெறிப்படுத்தும் விதியில்தான் சம்பந்தப்பட்டவருக்கு வாசல் இல்லை.

சட்டத்தைப் படித்துவிட்டா இப்படி நடத்துகிறார்கள் என்று கேட்கலாம். இல்லை; வடிவம் வேறு வழியாக இறங்குகிறது. தேசிய அறக்கட்டளையில் பதிவு பெற முதலில் சங்கம், அறக்கட்டளை போன்ற பதிவுபெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் (1975) குறைந்தது ஏழு பேரைக் கேட்கிறது. பாதுகாவலர் நியமிக்கப்பட்ட ஒருவரின் கையெழுத்துச் செல்லுமா என்று வங்கி மேலாளர் தயங்கும் சூழலில் அந்த ஏழு பேர் யாராக இருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குறைபாடுள்ளவர்களின் சங்கம், பெற்றோர் சங்கம், தன்னார்வ அமைப்பு என்ற மூன்றையும் பிரிவு 12 அங்கீகரிக்கிறது. அவற்றில் முதலாவதைத்தான் பத்திரத்தில் எழுதுவது கடினம். நரம்பியல் வேறுபாடுள்ளோரில் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகையியக்கம்) உள்ளவர்கள் நிலை இன்னும் மோசம். 2016 சட்டத்தின் அட்டவணையிலும் அதற்கு இடமில்லை.

இங்கே ஓர் அயல்நாட்டுச் சான்றைத் தொடுவது தவிர்க்க முடியாதது, ஏனெனில் பண்பாட்டைக் காரணம் காட்டும் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்கிறது. 1992இல் அமெரிக்காவில் ஜிம் சின்க்ளேரும் வேறு சிலரும் தொடங்கிய ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல், பெற்றோரை வெளியே தள்ளிய பிரிவினைக் குழு என்று காட்டப்படுகிறது. சின்க்ளேர் 2005இல் எழுதிய வரலாற்றைப் படித்தால் அது அத்தனை எளிதல்ல. 1996 முதல் அவர்கள் நடத்திய ‘ஆட்ரீட்’ முகாமுக்குப் பெற்றோரும் வந்தார்கள். விதி வகுத்தவர்கள் ஆட்டிசம் உள்ளவர்கள், வேறுபாடு அங்கேதான். சிவப்பு அட்டை அணிந்தவரிடம் யாரும் பேச்சைத் தொடங்கக் கூடாது. மஞ்சள் அட்டை என்றால் முன்பே தெரிந்தவர் மட்டும் பேசலாம். அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது, வாசனைத் திரவியம் கூடாது. வாய்ப்பு இருக்கும், வற்புறுத்தல் இருக்காது. இந்த விதிகளில் எதையும் தாம்பரத்து மண்டபத்தில் ஒரு வாரத்தில் நடைமுறைப்படுத்தலாம். ஐம்பது ரூபாய் வண்ணத்தாள் போதும். குடும்பப் பண்பாடு குறுக்கே நிற்கும் என்பவர்கள், சிவப்பு அட்டை எந்தப் பண்பாட்டுக்கு முரண் என்று விளக்க வேண்டும்.

பேசாதவர்களைப் பேசுபவர்கள் எப்படிப் பிரதிநிதித்துவம் செய்ய முடியும் என்பது கனமான ஆட்சேபம். அதிகத் துணை வேண்டியவரின் அம்மாவுக்கு, கல்லூரி முடித்த ஒருவர் ‘எங்களில்’ என்று சொல்லும்போது எரிச்சல் வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் அதே ஐயத்தைப் பெற்றோரின் பிரதிநிதித்துவத்திடம் யாரும் எழுப்புவதில்லை. மேலும், பேசாதவரிடமிருந்து சொல் வராமல் இருக்கலாம், மறுப்பு வரும். எழுந்து போவது, காதைப் பொத்துவது, தட்டைத் தள்ளுவது எல்லாம் மறுப்புத்தான். அதைப் பதிவு செய்து பதில் சொல்லும் கடமையை நெறியாளருக்கு விதிப்பது, எல்லாரையும் பேச வைப்பதைவிடச் சுலபம். மூவரில் ஒருவரால் என்ன மாறும் என்ற ஆட்சேபத்தில் நான் நேரம் செலவிடப் போவதில்லை; மாறாது என்றால் கொடுத்துவிட்டுப் போவதில் யாருக்கும் நட்டமில்லை.

2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு, தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டங்களின் பாதுகாவலர் நியமன விண்ணப்பங்கள் காஞ்சிபுரத்துக்குப் பதில் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டியவை. பல்வகைக் குறைபாட்டுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில், அதே மாவட்டத்தில் இருக்கிறது. 2(எஸ்) வாசிப்பைப் பரிசோதிக்க இதைவிடப் பொருத்தமான மாவட்டம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது நாற்காலி அடுத்த முறை காலியாகும்போது, நாற்பது விழுக்காட்டுச் சான்று இல்லாத, ஆனால் ஆட்டிசம் கண்டறியப்பட்ட ஒருவர் விண்ணப்பித்தால் நியமிக்கும் அதிகாரமுள்ளவர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மறுப்பு வந்தால் அதை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். பிரிவு 17க்கு இந்த வழி போதாது. அங்கே வேண்டியது நாடாளுமன்றத் திருத்தம், விண்ணப்பிக்கக்கூடியவர்களின் வரிசையில் அந்த நபரையும் சேர்க்கும் ஒரு சிறு திருத்தம். குழுக்கள் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சங்க விதிகளில் உறுப்பினர் யார், முறையிடக்கூடியவர் யார் என்ற இரண்டு உட்பிரிவுகளை அடுத்த பொதுக்குழுவிலேயே மாற்றிக்கொள்ளலாம்.