கிட்டங்கிக்குள் வெளிச்சம் வந்த கதை

2006இல் பிவண்டிக்கு வந்தேன். கிடங்கு கட்டுகிறவருக்கும் அதை வாடகைக்கு எடுக்கிற கம்பெனிக்கும் நடுவில் உட்கார்ந்து, ரேக் எத்தனை, கதவு எத்தனை, விளக்கு எத்தனை என்று கணக்குப் போடுகிற உத்தியோகம். (ஊரில் கேட்டால் "கரண்டு வேலை" என்று சொல்லிவிடுவேன். விளக்கப் போனால் காபி ஆறிவிடும்.) புதுசாகக் கிடங்கு எடுக்கிற ஒவ்வொருவரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த லைட் சார் போடலாம்?" இந்தக் கேள்விக்கு பம்பாய்ப் பக்கம் நூறு வருஷத்துக்கும் மேலான கதை இருக்கிறது. அதைக் கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் பெயர். எங்கள் விருதுநகர்ப் பக்கம் கிட்டங்கி என்போம். மற்ற இடங்களில் கிடங்கு. வெள்ளைக்காரர்கள் 'கோடவுன்' என்றது இந்தச் சொல்லைத்தான். மலாய்க்காரர்கள் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போயிற்று என்பது அகராதிக்காரர்கள் கணக்கு. பிவண்டியில் சேட் "கோடவுன்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்.

அந்தப் பழைய கிட்டங்கியில் வெளிச்சம் வேண்டாத பொருள். தடித்த சுவர், உயரத்தில் சின்னச் சின்ன சன்னல், அவ்வளவுதான். மிளகாய் வற்றலுக்கு வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும். பருத்தியும் சணலும் இருக்கிற இடத்துக்குள் மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டுபோக யாருக்கும் தைரியம் வராது. சரக்கு எப்படி என்று பார்க்க வேண்டுமா, ஒரு கை அள்ளி வாசலுக்குக் கொண்டுவந்து பார். பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்து. ஆக, வேலை நேரத்தை முடிவு செய்தது சூரியன்.

பம்பாய் மில்களும் அப்படித்தான் ஆரம்பித்தன. காவஸ்ஜி தாவர் 1854இல் முதல் நூற்பு மில் கம்பெனியைத் தொடங்கினார். அதற்குப் பின் வந்த மில்களின் நெசவுக் கொட்டகைகளுக்கு ரம்பப் பல் மாதிரிக் கூரை போட்டார்கள். ஒவ்வொரு பல்லிலும் வடக்கே பார்த்த பக்கம் கண்ணாடி. நம் பக்கம் வருஷத்தில் பெரும்பாலான நாள் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து விழும். வடக்குக் கண்ணாடி வழியாக வானத்து வெளிச்சம் மட்டும், நிழல் விழாமல், கண் கூசாமல் இறங்கும். அறுந்த நூலைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வெளிச்சம் இன்றைக்கும் கிடையாது என்பது என் அபிப்பிராயம். பரேல், லால்பாக் பக்கம் போனால் மிச்சமிருக்கிற பழைய மில்களில் இந்தக் கூரையை இப்போதும் பார்க்கலாம்.

பிறகு மின்விளக்கு வந்தது. பம்பாயில் டிசம்பர் பகல் சுமார் 11 மணி நேரம், ஜூன் பகல் 13 மணிக்குக் கொஞ்சம் மேல். மில் தொழிலாளிக்குக் கொடுமையான வேலைதான். ஆனாலும் இருட்டு வந்தால் இயந்திரத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும். 1905 வாக்கில் மில்களில் மின்விளக்கு பரவியதும் அந்த ஒரே வேலியும் போயிற்று. நூலுக்கு நல்ல விலை இருந்த நேரம். பல மில்கள் ஒரே ஆளை 14, 15 மணி நேரம் நிறுத்தி வேலை வாங்கின. பத்திரிகைகளில் கூச்சல் கிளம்பி, விசாரணைக் குழுக்கள் உட்கார்ந்து, கடைசியில் 1911இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. துணி மில்களில் வளர்ந்த ஆணுக்கு நாளைக்கு 12 மணி நேரம் என்று முதல் தடவையாக வரம்பு கட்டியது அதுதான். சூரியன் சும்மா போட்டுக்கொண்டிருந்த வேலியைச் சர்க்கார் சட்டம் எழுதிப் போட வேண்டியதாயிற்று. விளக்கு விற்கிறவர்களின் விளம்பரத்தில் இந்தக் கதை வராது.

சுதந்திர இந்தியா போட்ட 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 17ஆம் பிரிவு முழுக்க வெளிச்சம் பற்றியது. போதுமான, பொருத்தமான வெளிச்சம் வேண்டும், கூரைக் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்து வைக்க வேண்டும், கண் கூச்சமும் விபத்து உண்டாக்கும் நிழலும் கூடாது என்றது. மூன்றும் சரியான விஷயம். மூன்றாவதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

அப்புறம் வந்த விளக்குகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாதரச ஆவி விளக்கு, முகத்தைப் பிணம் மாதிரிக் காட்டும். சோடியம், 1960களில் வந்த உயர் அழுத்த வகை, ஒரு வாட்டுக்கு 100 லூமென் வரை கொடுக்கும் சிக்கனக்காரன். ஆனால் எல்லாமே மஞ்சள். ஒரு மருந்துக் கிடங்கில் (பேர் வேண்டாம்) சோடியம் விளக்கைப் போட்டுவிட்டு, பெட்டிகளுக்கு நீலச் சீட்டு, கறுப்புச் சீட்டு என்று வகை பிரித்திருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் ரெண்டும் ஒன்றுதான். கரண்டு மிச்சம், திரும்பி வந்த சரக்கு எக்கச்சக்கம். அடுத்தது மெட்டல் ஹாலைடு. வெள்ளை வெளிச்சம், நிறம் தெரியும். உயரமான கூரைக்கு 400 வாட் மணிவிளக்கு என்று உலகமே அதைத்தான் போட்டது.

பிவண்டியில் மட்டும் அது சரிப்பட்டு வரவில்லை. காரணம் மின்வெட்டு. மெட்டல் ஹாலைடு ஒரு நொடி அணைந்தாலும், சூடு ஆறி மறுபடி முழுசாக எரிய 10, 15 நிமிஷம் பிடிக்கும். ஜெனரேட்டர் உடனே கிளம்பினாலும் பயன் இல்லை. கும்மிருட்டில் லாரி நிற்கும், சுமைக்காரர்கள் பீடி பற்றவைக்க வெளியே போவார்கள். 2007 ஜனவரியில் பிவண்டி மின் விநியோகத்தை டோரண்ட் பவர் ஏற்கும் வரை விசைத்தறிக்காரர்கள் பட்ட பாடு தனிக் கதை. அந்த நாளில் நான் பார்த்த விவரமான முதலாளிகள் மணிவிளக்கை விட்டுவிட்டு டியூப் லைட்டுக்கு வந்தார்கள். ஒரே கூட்டில் நாலு மெல்லிய டி5 டியூப். கரண்டு வந்ததும் எரியும். ஒன்று போனாலும் மூன்று இருக்கும்.

அப்புறம் எல்இடி. அரசின் மொத்தக் கொள்முதலில் 2014இல் 310 ரூபாயாக இருந்த வீட்டு பல்பு மூன்றே வருஷத்தில் 40 ரூபாய்க்குக் கீழே வந்தது. கிடங்கு விளக்கும் அதன் பின்னாலேயே இறங்கியது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. மும்பை ஆக்ட்ராய்க்குப் பயந்து எல்லைக்கு வெளியே முளைத்த பிவண்டி கிடங்குகளுக்கு அந்தக் காரணம் போயிற்று. ஆனால் மாநிலத்துக்கு ஒரு சின்னக் கிடங்கு என்ற தேவையும் அதோடு போனதால், கம்பெனிகள் பெரிசாக ஒன்று கட்டினால் போதும் என்றாயிற்று. கூரை 12 மீட்டருக்கு ஏறியது.

அங்கேதான் 'எந்த லைட்' என்ற கேள்விக்கு நிஜமான பதில் ஆரம்பிக்கிறது. எல்இடி என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் விஷயம். ரேக்குகளுக்கு நடுவே சந்து 3 மீட்டர் இருக்கும். அகலமாகப் பரப்பும் விளக்கு ரேக்கின் தலைக்கு வெளிச்சம் போடும், கீழ்த்தட்டில் இருக்கிற சீட்டு தெரியாது. சந்தின் நீளத்துக்கு ஓடுகிற விளக்கு வேண்டும், வெளிச்சம் தரையில் மட்டும் அல்லாமல் பெட்டியின் முகத்திலும் விழ வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆஸம்கர் பையன் நாள் முழுக்க மேலே பார்த்துத்தான் வேலை செய்கிறான். "மேலே பார்த்தா கண்ணு கூசுது சாப், கீழே பார்த்தா ரெண்டு நிமிஷம் ஒண்ணும் தெரியல" என்றான் ஒரு நாள். 1948ஆம் வருஷச் சட்டம் சொன்ன மூன்றாவது விஷயம். லூமென் கணக்கு மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இவனைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போதைய மோகம் சென்சார். ஆள் நுழைந்தால் எரியும், போனால் அணையும். மின்சாரக் கட்டணம் குறைவது உண்மை. ஆனால் ராத்திரி ஷிஃப்டில் தனியாகச் சரக்கு எடுக்கிற பெண் அசையாமல் நின்று எண்ணிக்கொண்டிருந்தால், ஆள் இல்லை என்று நினைத்து விளக்கு அணைந்துவிடும். இருட்டில் நின்று கையை ஆட்டுவாள். நான் போடும் கணக்கில் அதை முழுசாக அணைய விடுவதில்லை, முப்பது சதவீதத்தில் நிறுத்தச் சொல்வேன். அந்த முப்பதுக்கு மாசம் எவ்வளவு ஆகும் என்று சேட் கேட்பார். சொல்வேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.