நம் பட்டியலில் இல்லாத எல். கிருஷ்ணன்

உலு திராமில் சினிமா சண்டைக்கு நேரம் காலம் கிடையாது. மாமாக் கடையில் நாலு பேர் உட்கார்ந்து, தே தாரே மேசைக்கு வருவதற்குள் ‘வெற்றிமாறனா, லோகேஷா’ என்று ஆரம்பித்துவிடும். என் வயதுக்காரர்களுக்கு விஜய் - அஜித். மாமாக்களுக்கு ரஜினி - கமல். தாத்தா காலத்தில் எம்.ஜி.ஆர் - சிவாஜி. மூன்று தலைமுறையாக நடிகர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள், படம் வரும் ஊர் மட்டும் மாறவில்லை. இத்தனை சண்டையிலும் நான் ஒருமுறைகூடக் கேட்டிராத பெயர் ஒன்று உண்டு. அது எல். கிருஷ்ணன்.

முதலில் தாத்தா காலத்துச் சண்டையைச் சொல்லிவிடுகிறேன். உலு திராமைச் சுற்றி அப்போது ரப்பர் தோட்டங்கள். தாத்தா பால்மரம் வெட்டியவர், சிவாஜி கட்சி. “யூனியன் கூட்டத்துக்கு வராதவன்கூட இந்தச் சண்டைக்கு வந்து நிப்பான்” என்பார். 1964 பொங்கலன்று தமிழ்நாட்டில் பி. ஆர். பந்துலுவின் ‘கர்ண’னும் எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்கார’னும் ஒரே நாளில் வெளியாயின. அடுத்த ஆண்டே பந்துலு எம்.ஜி.ஆரை வைத்து ‘ஆயிரத்தில் ஒருவன்’ எடுத்தார். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘கர்ணன்’ என்று சிவாஜிக்கு எடுத்துக் கொடுத்த மனுசன் இப்படி அந்தப் பக்கம் போனதைத் தாத்தா கடைசிவரை மன்னிக்கவே இல்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ‘அந்தக் காலத்து ரசிகனுக்கு நடிகனைத்தான் தெரியும், இயக்குநரைத் தெரியாது’ என்று ஒரு பேச்சு உண்டு. அது இங்கே செல்லாது. பந்துலுவின் பெயர் தோட்டத்து லயத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிருஷ்ணனின் பெயர் தெரியவில்லை. இத்தனைக்கும் கிருஷ்ணன் நமக்குப் பக்கத்திலேயே வேலை செய்தவர்.

உலு திராமிலிருந்து சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது. 1950களில் கடற்பாலத்தைக் கடக்க யாரும் கடப்பிதழ் கேட்டதில்லை. அந்தத் தெருவில் 8ஆம் எண் வளாகத்தில்தான் ஷா சகோதரர்களின் ‘மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ்’ இயங்கியது. அங்கே ஆரம்ப ஆண்டுகளில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். முதல் மலாய்ப் படமாகச் சொல்லப்படும் ‘லைலா மஜ்னூ’னை 1930களில் எடுத்த பி. எஸ். ராஜ்ஹான்ஸ்தான் 1948இல் ‘சிந்தா’ படத்தின் வழியாக பி. ரம்லியைத் திரைக்குக் கொண்டுவந்தார். 1956இல் ‘ஹங் துவா’வை எடுத்தவர் வங்காளியான ஃபானி மஜும்தார். போட்டி நிறுவனமான கேத்தே கெரிஸுக்கு 1957இல் ‘பொந்தியானாக்’ என்ற பேய்ப் படத்தைக் கொடுத்தவர் பி. என். ராவ்.

கிருஷ்ணன் இந்த வரிசையில் வருகிறார். 1922இல் மெட்ராசில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்தவர். சினிமா வேலையை மெட்ராசில் கற்றுக்கொண்டு இங்கே திரும்பினார். 1950இல் அவர் எடுத்த ‘பக்தி’ படத்தில்தான் பி. ரம்லி முதன்முறையாகக் கதாநாயகன் ஆனார். அதுவரை ரம்லி வில்லனாகவும் துணைப் பாத்திரங்களிலும் வந்துகொண்டிருந்தார், மற்றவர்களுக்குப் பின்னணி பாடிக்கொண்டிருந்தார். மலாய் சினிமாவின் மிகப் பெரிய நட்சத்திரத்தை நாயகனாக முதலில் நிற்கவைத்தவர் ஒரு தமிழர்!

இப்போது ஒரு ரசிகனாக யோசித்துப் பாருங்கள். சண்டை போட எவ்வளவு சரக்கு இருந்திருக்கிறது! கட்டபொம்மனுக்காக 1960இல் கெய்ரோவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்ததைத் தாத்தா நூறு முறை சொல்லியிருப்பார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் ‘அனாக்கு சசாலி’க்காக ரம்லி சிறந்த நடிகர் விருது வாங்கியிருந்தார். ரம்லி தானே இயக்கி நடித்த முதல் படமான ‘பெனாரிக் பெச்சா’ 1955இல் வந்தது. நாயகன் பெச்சா மிதிப்பவன், காதலி பணக்கார வீட்டுப் பெண். 1971இல் எம்.ஜி.ஆர் ‘ரிக்‌ஷாக்கார’னாக வந்து தேசிய விருது வாங்கினார். எம்.ஜி.ஆர் ரிக்‌ஷாவை மிதித்துக்கொண்டே சிலம்பம் சுற்றுவார், ரம்லியின் பெச்சாக்காரன் வாடகைக்கும் வயிற்றுக்கும் மிதிப்பான். இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து நம் ஆட்கள் யாராவது மோதியிருக்க வேண்டாமா?

மலாய்ப் படங்களை நம்மவர்கள் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ‘பூஜாங் லாப்போக்’ நகைச்சுவைகளை என் அம்மா இன்றும் அப்படியே ஒப்பிப்பார். பார்த்தோம், சிரித்தோம், ஆனால் ‘அது அவங்க படம்’ என்று ஒதுக்கி வைத்தோம். காரணம் புரியக்கூடியதுதான். நாள் முழுக்க மண்டோரிடமும் துரையிடமும் திட்டு வாங்கியவனுக்கு, தன் மொழியில் நிமிர்ந்து பேசும் ஒருவன் திரையில் தேவைப்பட்டான். கலைஞரின் வசனத்தை சிவாஜி பேசும்போது கிடைத்த நிமிர்வை ஜாலான் அம்பாஸ் தந்திருக்க முடியாது.

அந்தப் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கதையும் பாட்டும் அழுகையும் இந்தியப் படம் மாதிரியே இருக்கின்றன, எங்கள் கதையை எங்கள் ஆட்கள் எடுக்கட்டும் என்று மலாய்க் கலைஞர்கள் கேட்டார்கள். மெல்ல மெல்ல ரம்லி போன்ற மலாய் இயக்குநர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். கிருஷ்ணன் அதோடு ஊர் திரும்பிவிடவில்லை. பிறகு உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவிலும் வேலை செய்தார். ஆனால் அவரை மலாய் ரசிகர்கள் ‘அந்த இந்திய இயக்குநர்கள் காலம்’ என்ற ஒரு வரியில் அடக்கிவிட்டார்கள். நாம் அந்த ஒரு வரியைக்கூட எழுதவில்லை.

2016இல் இதே கணக்கு தலைகீழாக வந்தது. அந்த ஜூலையில் ‘கபாலி’ வெளியானது. நம்மைச் சரியாகக் காட்டினார்களா இல்லையா என்று ஊரே சண்டை போட்டது. அதே நேரத்தில், தோட்டம் விட்டு வந்த ஒரு குடும்பத்துப் பையனைப் பற்றி சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ‘ஜகாட்’, 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் ‘மலாய் மொழி அல்லாத படம்’ என்ற தனிப் பிரிவில் வைக்கப்பட்டது. நம்மவர்களோடு சேர்ந்து மலாய்க்காரர்களும் கொதித்தார்கள். மலாய் ஒளிப்பதிவாளர் ஒருவர் எதிர்ப்பாக விழாவிலிருந்தே விலகினார். விதி மாறியது. செப்டம்பரில் ‘ஜகாட்’ சிறந்த மலேசியத் திரைப்படமானது.

அன்றைக்கு நாம் கேட்ட கேள்வி எளிமையானது: இந்த நாட்டில், இந்த நாட்டு மனிதர்களைப் பற்றி எடுத்த படம், மொழி வேறு என்பதால் வேற்றுப் படமாகிவிடுமா? சரியான கேள்வி. அதே கேள்வியை நம் பக்கமும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த மண்ணில் வளர்ந்து, இந்த மண்ணில் படமெடுத்த ஒரு தமிழர், எடுத்தது மலாயில் என்பதால் நமக்கு வேற்று ஆளாகிவிடுவாரா? விருதுக் குழுவிடம் மொழிப் பிரிவை நீக்கச் சொன்ன நாம், நம் பிடித்த இயக்குநர் பட்டியலில் அதே பிரிவை எழுபது ஆண்டுகளாக வைத்திருக்கிறோம். இதை நீக்க எந்தக் குழுவிடமும் மனு கொடுக்க வேண்டியதில்லை.