231ஆம் பிரிவும் இருவர் பொறுப்பும்

சுவிஸ் குற்றவியற் சட்டம் 1942இல் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான தொற்றுநோயைப் பரப்புபவரைத் தண்டிப்பது அதன் 231ஆம் பிரிவு. எச்.ஐ.வி. கிருமியை விஞ்ஞானம் கண்டறிந்ததோ 1983இல்தான். எயிட்ஸை அறியாத காலத்தில் எழுதிய அதே பிரிவுதான், பின்னர் எச்.ஐ.வி. உள்ளவர்களைக் கூண்டில் ஏற்றியது.

இதிலொரு முரண் இருந்தது. 1987இல் சுவிஸ் தொலைக்காட்சிச் செய்தியில் சார்ள்ஸ் கிளேர்க் தன் விரலில் ஆணுறையை மாட்டிக் காட்டினார். அவரவர் பாதுகாப்பு அவரவர் கையில் என்பதே அன்றைய பிரசாரம். சட்டமோ முழுச் சுமையையும் நோயுற்றவர் தலையில் வைத்தது. விஷயம் தெரிந்தே மற்றவர் சம்மதித்திருந்தாலும் இப்பிரிவு விடவில்லை. பொதுச் சுகாதாரத்துக்கு எதிரான குற்றம் என்றது. கவனயீனமும் தண்டனைக்குரியதாயிருந்தது.

2008 தை மாதம் பியெற்றோ வெர்னாட்சா, பேர்னார்ட் ஹிர்ஷெல் முதலான வைத்தியர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஒழுங்காக மருந்தெடுத்து, ஆறு மாதங்களாக இரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி குறைந்து, வேறு பாலியல் நோயும் இல்லாதவர் உறவின் மூலம் எச்.ஐ.வி.யைப் பரப்பமாட்டார் என்றனர். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. ஆனால் 2009இல் ஜெனீவா மேல்நீதிமன்றம், கீழ்நீதிமன்றில் 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றிருந்த ஒருவரை விடுவித்தது. விடுதலை கேட்டவர் அரச வழக்குத்தொடுநரே. பின்வந்த பெரிய ஆய்வுகளும் அவ்வைத்தியர்களின் கூற்றையே உறுதிப்படுத்தின.

2013இல் மக்கள் வாக்கெடுப்பில் புதிய தொற்றுநோய்ச் சட்டம் வென்றது. 2016 தை முதல், கெட்ட நோக்கத்துடன் பரப்புபவரை மட்டுமே 231ஆம் பிரிவு தண்டிக்கிறது. உடற்காயம் பற்றிய பிரிவுகள் தொடர்ந்தும் உள்ளன.

இம்மாற்றம் நல்லது என்பதே என் கருத்து. அறிந்தவர் குற்றவாளி, அறியாதவர் அப்பாவி என்றால் இரத்தப் பரிசோதனைக்கு யார் போவார்? பரிசோதனை இல்லையேல் மருந்தில்லை. மருந்தில்லையேல் தொற்று நிற்காது.

ஆனால் இருவருக்கும் பொறுப்பு என்று சொல்வதற்கு, இருவரும் சமமாக இருக்கவேண்டும். கணவனிடம் ஆணுறை கேட்டால் 'உனக்கேன் சந்தேகம்' என்று அடிவாங்கும் பெண்ணிடம் பாதிப் பொறுப்பை எப்படி ஒப்படைப்பது? வீசா, மொழி, வீட்டு வாடகை எல்லாமே கணவன் கையில் இருக்கும் எம் வீடுகளில் இது வெறும் சட்டக் கேள்வியல்ல. ஏமாற்றப்பட்டவளுக்கு நீதிமன்றக் கதவு திறந்திருக்கத்தான் வேண்டும். அதற்கு முன்னே, அவள் பயமின்றி வாய்திறக்க வீட்டில் இடம் வேண்டும். அந்த இடத்தை எந்தப் பாராளுமன்றமும் எமக்குச் சட்டம்போட்டுத் தராது.